ஸ்பிளெண்டர் பேட்டரி மாத்தணும்: 3 ஏஹெச்சே போதுமா, 5 போடலாமா?

மன்னை_மேலவயல்:

வணக்கம். அப்பாவோட ஸ்பிளெண்டர் பிளஸ், 2021 மாடல், பிஎஸ்6 (புகை விதி), ஐ3எஸ் (வண்டி நின்னா இன்ஜினைத் தானா அணைக்கிற வசதி) உள்ளது. கம்பெனியில இருந்து வந்த 12 வோல்ட் 3 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியோட கொள்ளளவு) எம்எஃப் (தண்ணி ஊத்தத் தேவையில்லாத) பேட்டரிதான் இதுவரைக்கும் ஓடிக்கிட்டிருக்கு. ஒரு மாசமா காலையில செல்ஃப் அடிச்சா டக் டக்னு ரிலே சத்தம் மட்டும்தான் வருது. ஹாரன் கம்முது, இண்டிகேட்டர் போட்டா அதோட சேர்ந்து மீட்டர் லைட்டும் மங்குது. கிக்கர்ல நாலு உதை உதைச்சா ஸ்டார்ட் ஆயிடுது.

வண்டிக்கு வேலை வீட்டுக்கும் வயலுக்கும் போயிட்டு வர்றதுதான். ஒரு நடைக்கு ஒன்றரை கிலோமீட்டர், ஒரு நாளைக்கு எட்டுப் பத்து நடை. வாரத்துக்கு ஒரு தடவை மன்னார்குடி டவுன்.

ஒரு கடையில 5 ஏஹெச் போட்டா ரெண்டு மடங்கு உழைக்கும்ங்கிறாங்க. இன்னொருத்தர் அதைப் போட்டா காயில் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குறது) எரிஞ்சிடும்ங்கிறார். டிராக்டர் பேட்டரிக்கு சார்ஜ் போடுற கடையில ஒரு ராத்திரி போட்டு எடுத்தா பழசே தேறிடும்னும் சொல்றாங்க. எதைக் கேக்குறது? வாங்குறதுன்னா எதைப் பாத்து வாங்கணும்?

குடந்தை_ஆட்டோ_எலக்ட்ரிக்:

தம்பி, காசை எடுக்குறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். பேட்டரி போனது தெரியுது, ஆனா அது ஏன் போச்சுன்னு தெரியாம புதுசு போட்டா அடுத்த தீபாவளிக்கு மறுபடி கடைக்கு வருவீங்க. நாலு அளவு எடுத்து இங்க போடுங்க.

முதல்ல, ராத்திரி நிறுத்தின வண்டி, காலையில சாவி போடுறதுக்கு முன்னாடி பேட்டரி முனையில வோல்ட். எம்எஃப் பேட்டரி முழு சார்ஜ்ல 12.7-க்கு மேல நிக்கும். 12.4 இருந்தா முக்கால் வாசி, 12.2 பாதி, 12.0-ன்னா அடி மட்டம். 10.6 பக்கத்துல நின்னா ஆறு செல்லுல ஒண்ணு செத்துப்போச்சு, அதை எந்த சார்ஜரும் எழுப்பாது.

ரெண்டாவது, மீட்டர் முனையை அப்படியே வச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. 9.6-க்குக் கீழ போகக் கூடாது. இந்த அளவு பேட்டரி சார்ஜோட இருக்கும்போது எடுத்தாத்தான் அர்த்தம் உண்டு. அதனால முதல்ல ஒரு தடவை சார்ஜ் ஏத்துங்க. 3 ஏஹெச்சுக்குப் பத்துல ஒரு பங்கு, அதாவது 0.3 ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். பைக் பேட்டரிக்குன்னே விக்கிற சார்ஜரா இருக்கணும். வீட்டுல கிடக்குற 12 வோல்ட் அடாப்டரைக் குடுத்தா ஏறாது. 12 வோல்ட் பேட்டரி முழுசா ஏறணும்னா வெளியில இருந்து 14 வோல்ட்டுக்கு மேல தள்ளணும். ஏத்தி முடிச்சதும் கழட்டி ஒரு ராத்திரி சும்மா வச்சுட்டு அப்புறம் அளங்க. ஏத்தின சூட்டோட அளந்தா 13-ன்னு பொய் காட்டும்.

மூணாவது, வண்டி ஓடும்போது சார்ஜிங். ஆக்ஸிலரேட்டரைப் பாதி முறுக்கிப் பிடிச்சா பேட்டரி முனையில 13.5-ல இருந்து 14.8 வரைக்கும் வரணும். 13 தாண்டலைன்னா காயில், இல்லைன்னா ஆர்ஆர் யூனிட் (சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர்), இல்லைன்னா ரெண்டுக்கும் நடுவுல உள்ள கப்ளர் (ஒயர் இணைப்பு). கப்ளரை உருவிப் பாருங்க, வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி ஒரு பின் மட்டும் கருத்திருந்தா அதுதான் ஆள். 15 தாண்டினா ஆர்ஆர் போச்சு, அதோட புது பேட்டரி போட்டீங்கன்னா கொதிச்சு வயிறு ஊதிடும்.

நாலாவது, லீக்கேஜ், அதாவது வண்டி சும்மா நிக்கும்போது வடியுற கரண்ட். சாவி ஆஃப். மைனஸ் கேபிளைக் கழட்டுங்க. மீட்டர்ல சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்திட்டு, ஒரு முனையைக் கழட்டின கேபிள்லயும் இன்னொண்ணை பேட்டரி மைனஸ்லயும் வைங்க. 0.01-க்கு மேல வராட்டி மில்லி ஆம்பியருக்கு இறக்கிப் பாருங்க. சாதாரணமா ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கும். இந்த நிலையில சாவியைத் திருப்பவே கூடாது, செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது. மீட்டர் பியூஸ் போயிடும்.

தஞ்சை_கீழவாசல்:

அண்ணன் சொன்ன அளவெல்லாம் எடுங்க. நான் 3-ஆ 5-ஆங்கிற பேச்சுக்கு மட்டும் வர்றேன், ஏன்னா ரெண்டு பக்கமும் தப்பாச் சொல்றாங்க.

5 ஏஹெச் போட்டா காயில் எரியாது. வண்டியில இருந்து போற கரண்டை ஆர்ஆர் யூனிட் வோல்ட்டை வச்சுத்தான் கட்டுப்படுத்துது. பெரிய பேட்டரிங்கிறதுக்காகக் காயில் கூடுதலா உழைச்சுச் சாகாது. அதே மாதிரி 5 போட்டா ரெண்டு மடங்கு உழைக்கும்ங்கிறதும் கிடையாது. உள்ளே வர்ற தண்ணி அதே அளவு, தொட்டியை மட்டும் பெருசாக் கட்டினா தொட்டி எப்பவும் அரைகுறையாத்தான் கிடக்கும். அரைகுறை சார்ஜ்ல கிடக்குற ஈய பேட்டரியில பிளேட்டு மேல சல்பேட் உப்பு கெட்டிப்பட்டுடும். புதுசா உண்டானது மெத்துனு இருக்கும், சார்ஜ் போட்டா கரைஞ்சுடும். வாரக்கணக்குல விட்டா கல்லாயிடும். நூத்துல எண்பது பைக் பேட்டரி இப்படித்தான் சாகுதுன்னு அடிச்சுச் சொல்ல என்கிட்ட கணக்கு இல்ல, ஆனா உங்க நடையைப் பாத்தா உங்களுதுக்குக் காரணம் இதுதான்னு தோணுது.

கணக்குப் போட்டுப் பாருங்க. செல்ஃப் ஒரு தடவை ரெண்டு செகண்டு சுத்த 40 ஆம்பியர் எடுக்குதுன்னு வைங்க. 80 ஆம்பியர்-செகண்டு வெளியே போச்சு. ஒன்றரை கிலோமீட்டர், வரப்பு ஓரத்து மண் ரோட்டுல மூணு நிமிஷம். ஹெட்லைட் 2017-க்கு அப்புறம் வந்த வண்டியில எப்பவும் எரியும், அணைக்க வழி இல்ல. அது போக அரை ஆம்பியர் பேட்டரிக்குப் போகுதுன்னு தாராளமா வச்சாலும் 90. அதுல கொஞ்சம் வீண் போகும். போனதும் வந்ததும் சரிக்குச் சரி. நடுவுல ஐ3எஸ் ரெண்டு தடவை இன்ஜினை அணைச்சுப் போட்டா அன்னைக்குக் கணக்கு நஷ்டம்தான். ஐ3எஸ் பட்டனை ஆஃப்லயே வைங்க. வயலுக்குப் போற நடைக்கு அதுனால மிச்சமாகுற பெட்ரோல் ஒண்ணும் பெருசில்ல. காலையில முதல் ஸ்டார்ட்டை கிக்கர்ல எடுங்க. குளிர்ந்த இன்ஜினைச் சுத்துறதுதான் பேட்டரிக்குப் பெரிய பாரம்.

இடம் இன்னொரு விஷயம். 3 ஏஹெச் எம்எஃப் பெரும்பாலும் 113 மி.மீ. நீளம், 70 அகலம், 85 உயரம். அடுத்த சைஸ் அதே நீள அகலத்துல 105 உயரம் வரும். பெட்டிக்குள்ள இறங்குதேன்னு திணிச்சா மேல 20 மி.மீ. துருத்தும், பிளஸ் முனை தகட்டுல உரசும். ரெண்டு நாள் ஒண்ணும் ஆகாது. ஒரு மேடு பள்ளத்துல தட்டினா மெயின் பியூஸ் போகும். ஒயர் எந்தப் பக்கம் உரசுதுங்கிறதைப் பொறுத்து தீயே பிடிக்கலாம். ஸ்கேல் வச்சு பெட்டியை அளந்துட்டுக் கடைக்குப் போங்க. கம்பெனி போட்டது 3-ன்னா 3-யே வாங்குங்க. நிஜமாவே இடம் இருந்தா 4 போடலாம், அவ்வளவுதான்.

கடையில பாக்க வேண்டியது: முனை உங்களைப் பாத்து இருக்குற மாதிரி வச்சா பிளஸ் வலதா இடதா? பழசு மாதிரியே இருக்கணும், இல்லைன்னா கேபிள் எட்டாது. எட்ட வைக்கிறேன்னு இழுத்தா மாத்திக் குடுத்துடுவீங்க, பியூஸ் போறது ஒரு கண்ணு இமைக்கிற நேரம். தயாரிச்ச மாசம் வருஷம் பெட்டியில பொறிச்சிருக்கும், மூணு மாசத்துக்குள்ள உள்ளதாக் கேளுங்க. சார்ஜோட வர்ற பேட்டரி அலமாரியில சும்மா இருந்தாலும் மாசம் மூணு சதவீதம் மாதிரி இறங்கும், நம்ம ஊர் மே மாச வெக்கையில அது இன்னும் கூடும். கடைக்காரர் மீட்டர்லயே அளக்கச் சொல்லுங்க. 12.6-க்குக் குறைஞ்சா வேற எடுக்கச் சொல்லணும். எக்ஸைடா அமரானாங்கிறதை விட இது முக்கியம்.

வாரண்டி 48 மாசம்னு அட்டையில பெருசாப் போட்டிருந்தா 24+24-ஆன்னு பாருங்க. முதல் 24-ல போனா புதுசு. அடுத்த 24-ல போனா புதுசோட விலையில கொஞ்சம் தள்ளுபடி மட்டும். கார்டுல வண்டி நம்பர், தேதி, கடை முத்திரை மூணும் இல்லைன்னா அந்தக் காகிதம் எதுக்கும் ஆகாது.

திருவாரூர்_கமலாலயம்:

டிராக்டர் பேட்டரி சார்ஜ் கடையைப் பத்தி யாரும் சொல்லலையே. அங்க மட்டும் குடுத்துடாதீங்க. அஞ்சாறு பேட்டரியை வரிசையாக் கோத்து ஒரே சார்ஜர்ல போடுவாங்க. வரிசையில கோத்தா எல்லாத்துக்குள்ளேயும் ஒரே கரண்ட்தான் ஓடும். டிராக்டர் பேட்டரிக்கு 6, 8 ஆம்பியர் சரி. அதே கரண்ட் 3 ஏஹெச்சுக்குள்ள ஓடினா அரை மணியில நிறைஞ்சு, மிச்ச நேரம் பூரா உள்ளே உள்ள நீரைப் பிரிச்சு வாயுவாக்கும். எம்எஃப்ல அந்த வாயு வால்வைத் தள்ளிக்கிட்டு வெளியே போயிடும். திரும்ப ஊத்த முடியாது. காலையில எடுத்தா 12.8 காட்டும், கடைக்காரரும் "நல்லாத்தானே இருக்கு" என்பார், பத்து நாள்ல செத்துடும். தனியா, அரை ஆம்பியர்ல போடுற கடைன்னா குடுங்க.

எம்எஃப்பை டிரை பேட்டரின்னு சொல்றதால உள்ளே ஆசிட் இல்லைன்னு நினைக்கிறவங்க உண்டு. இருக்கு. கண்ணாடி நார்ப் பஞ்சுல ஊறிக்கிடக்கு. மூடியைக் கத்தியால நெம்பித் திறந்து தண்ணி ஊத்துற வேலை வேண்டாம், கண்ணுல தெறிச்சா அவ்வளவுதான்.

பேட்டரியைக் கழட்டிட்டு கிக்கர்ல ஓட்டலாமான்னு அடுத்த கேள்வி வரும், முன்கூட்டியே சொல்லிடுறேன். பழைய கார்புரேட்டர் வண்டியில பல்பு போறதோட நின்னுடும். பிஎஸ்6 வண்டியில இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), பெட்ரோல் பம்பு எல்லாம் அந்தக் கரண்ட்லதான் உயிர் வாழுது. வோல்ட் ஏறி இறங்குறதைத் தாங்கிப் பிடிக்கிற பஞ்சுமெத்தை பேட்டரிதான். அதை எடுத்துட்டு ஓட்டி இசியு போனா, பல பேட்டரி வாங்குற காசு.

மன்னை_மேலவயல்:

எல்லாருக்கும் நன்றி. அளந்தாச்சு.

காலையில சும்மா நின்னது 11.86. புது சார்ஜர் வாங்கி 12 மணி நேரம் ஏத்தி, ஒரு ராத்திரி வச்சுட்டு அளந்தது 12.31. அப்ப செல்ஃப் அடிக்கும்போது 8.7 வரைக்கும் இறங்குச்சு, இன்ஜின் ரெண்டு சுத்துச் சுத்தி நின்னுடுச்சு. கிக்கர்ல எடுத்து முறுக்கினா 14.2. லீக்கேஜ் 10 ஆம்பியர்ல 0.02, மில்லி ஆம்பியர்ல 22.4.

அப்பா போன வருஷம் ஹேண்டில்ல போன் சார்ஜர் மாட்டியிருக்கார், சிவப்பு எண்ணுல வோல்ட் காட்டுறது. அதோட ஒயரை உருவினதும் 22.4 நேரா 0.6-க்கு வந்துடுச்சு. இந்தச் சின்ன எண்ணுதான் பேட்டரியைத் தின்னுச்சா?

குடந்தை_ஆட்டோ_எலக்ட்ரிக்:

அதேதான். 14.2 வருதுன்னா காயில், ஆர்ஆர் ரெண்டும் நல்லாருக்கு, அதுல கை வைக்க விடாதீங்க. முழுசா ஏத்தியும் 12.31-ல நிக்கிறதும், செல்ஃப்ல 8.7-க்கு விழறதும் பேட்டரி முடிஞ்சதுக்கு அடையாளம். மாத்திடுங்க.

22 மில்லி ஆம்பியர் பாக்க ஒண்ணுமில்ல மாதிரி இருக்கும். ராத்திரி 12 மணி நேரத்துக்கு 0.26 ஏஹெச். 3 ஏஹெச்சுல பன்னிரண்டுல ஒரு பங்கு, ஒவ்வொரு ராத்திரியும். அதை மட்டும் திருப்பி ஏத்த அரை ஆம்பியர்ல அரை மணிக்கு மேல ஓடணும். அப்பா ஒரு நாள் பூரா ஓட்டுறதே பத்து நடை, முப்பது நிமிஷம்! செல்ஃபுக்குப் போனது யார் கணக்குல? வெளியூர் போறோம்னு ஆறு நாள் வண்டியைப் போட்டா சுத்தமா வடிஞ்சிருக்கும். ஓடும்போது போன் ஏறினா அது வேற. 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர் பேட்டரி பக்கம் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் இழுக்கும்.

சார்ஜர் வேண்டாம்னு சொல்லல, வயல்ல இருக்குற மனுஷனுக்கு போன் வேணும். பேட்டரியில நேரா குடுக்காம சாவி போட்டாத்தான் வர்ற லைன்ல குடுங்க. ஹீரோ, ஹோண்டா வண்டியில கருப்பு ஒயர்தான் சாவி லைன், பச்சைதான் எர்த். நிறைய பேர் வீட்டு ஒயரிங் பழக்கத்துல கருப்பை மைனஸ்னு நினைச்சு ஷார்ட் பண்ணிடுறாங்க. மீட்டர் வச்சு, சாவி ஆன்ல 12, ஆஃப்ல 0 வருதான்னு உறுதி பண்ணிட்டு எடுங்க. நடுவுல 3 ஆம்பியர் பியூஸ் ஒண்ணு. ஒயரைச் சும்மா முறுக்கி டேப் ஒட்டாதீங்க, ஈயம் வச்சு சால்டர் பண்ணி ஸ்லீவ் போடுங்க. ஐப்பசி மழையில டேப் மூணே வாரத்துல உரிஞ்சிடும்.

வேதை_உப்பளம்:

மாத்தும்போது ரெண்டு வார்த்தை. கழட்ட மைனஸ் முதல்ல, மாட்ட பிளஸ் முதல்ல. பிளஸ்ஸை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் சேசிஸ்ல பட்டா முழு பேட்டரியும் ஸ்பேனர் வழியா ஓடும். மைனஸை முன்னாடியே எடுத்துட்டா பட்டாலும் ஒண்ணும் ஆகாது.

முனைக்குள்ள உள்ள சதுர நட்டு போல்ட்டைத் தொட்டதுமே கீழ இறங்கிடும், திருகவே பிடிக்காது. பழைய சைக்கிள் டியூப்ல விரல் நகம் அளவு ரெண்டு துண்டு வெட்டி நட்டுக்கு அடியில வச்சா மேலேயே நிக்கும். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்ல கைக்கு இறுகினதும் நிறுத்துங்க. முனை ஈயம், மெத்துனு இருக்கும், அழுத்தினா பிளந்துடும். அடியிலயும் பக்கத்துலயும் டியூப் ரப்பர் ஒரு மடிப்பு. மேல உள்ள பெல்ட்டைக் கண்டிப்பா மாட்டுங்க. ஆத்தங்கரை மண் ரோட்டுல குதிக்கிற பேட்டரிக்கு பிளேட்டுல உள்ள பூச்சு உதிர்ந்து அடியில சேந்து ஷார்ட் ஆகும்.

எங்க பக்கம் உப்புக்காத்து, மன்னார்குடியில அவ்வளவு இருக்காது. ஆனாலும் மைனஸ் கேபிள் சேசிஸ்ல சேருற இடத்தை ஒரு தடவை கழட்டிப் பாருங்க. மேல பாத்தா பளபளன்னு இருக்கும். ஒயரை விரலால மடக்கினா உள்ளே நறநறங்கும், ரப்பரைக் கொஞ்சம் பின்னால தள்ளினா செம்பு பச்சைப் பொடியாயிருக்கும். அப்படி இருந்தா புது பேட்டரிக்கும் செல்ஃப் டக் டக்குனுதான் சொல்லும். முனையில வெள்ளையாப் பூத்திருந்தா ஆப்ப சோடா ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் வெந்நீர், பழைய பல் பிரஷ். பொங்கி அடங்கினதும் நல்ல தண்ணியில துடைச்சு, காய வச்சு, இறுக்கி முடிச்ச பிறகு மேல வாசலின். வாசலினை முதல்ல தடவிட்டு இறுக்குறது தலைகீழ் வேலை.

அதிரை_அலையாத்தி:

குறுக்கே ஒரு கேள்வி. பழைய புல்லட், 14 ஏஹெச், தண்ணி ஊத்துற பேட்டரி. ஆள் துபாய்ல, வருஷத்துல பத்து மாசம் வண்டி ஷெட்லதான். ஏசியில வடியுற தண்ணியை ஊத்தலாமா? பேட்டரியை சிமெண்ட் தரையில வைக்கக் கூடாதுங்கிறது உண்மையா?

தஞ்சை_கீழவாசல்:

ஏசித் தண்ணி வேண்டாம். பாக்கத் தெளிவா இருந்தாலும் காயில்ல உள்ள செம்பு, அலுமினியத்தையும் தூசியையும் தொட்டுட்டு வருது. துளி செம்பு உள்ளே போனாலும் பேட்டரி தானா வடியும். ஆர்ஓ தண்ணியிலும் உப்பு மிச்சம் இருக்கும், கடலோர போர் தண்ணியைப் பத்திப் பேசவே வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் வாங்கி மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல நிக்கிற மாதிரி ஆறு செல்லுக்கும் ஊத்துங்க. பிளேட் மூழ்காம இருந்தா முதல்ல மூழ்குற அளவுக்கு ஊத்தி, சார்ஜ் போட்டு, அப்புறம் மட்டம் பாத்து நிரப்பணும். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும். குறைஞ்சதுக்கு ஆசிட் ஊத்தவே கூடாது, ஆவியாகிறது தண்ணி மட்டும்தான்.

ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு மைனஸைக் கழட்டச் சொல்லுங்க. வீட்டுல உள்ளவங்க மாசத்துக்கு ஒரு தடவை 1.4 ஆம்பியர்ல ஏத்தி எடுத்தாப் போதும். ஏத்தும்போது மூடிகளைத் தளர்த்தி, காத்தோட்டமான இடத்துல; வர்றது ஹைட்ரஜன், பக்கத்துல அடுப்பும் பீடியும் ஆகாது. திருப்பி மாட்டும்போது பக்கவாட்டுல வர்ற வெண்ட் டியூப் மடங்காம, செயின் மேல சொட்டாம கீழ இறங்குதான்னு பாக்கணும். ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டோட அடர்த்தியை அளக்குறது) இருந்தா ஆறு செல்லையும் பாருங்க, ஒண்ணு மட்டும் மத்ததை விட 0.050 குறைஞ்சா அந்த செல் போகுது. சிமெண்ட் தரை பேச்சு பழைய மர, ரப்பர் பெட்டிக் காலத்துது. இப்ப உள்ள பிளாஸ்டிக் பெட்டியை எங்க வேணா வைக்கலாம், வெயில் மட்டும் படக் கூடாது.

மன்னைத் தம்பிக்கு: பழைய பேட்டரியைக் கடையிலயே குடுத்துட்டு விலையில கழிக்கச் சொல்லுங்க. திருப்பி வாங்கிக்கணும்ங்கிறது 2001-ல இருந்தே விதி, 2022-ல புது விதியும் வந்தாச்சு. வாய்க்கால் ஓரம் போட்டா ஈயம் அந்தத் தண்ணியிலயே வயலுக்கு வரும்.

மன்னை_மேலவயல்:

3 ஏஹெச்சே வாங்கியாச்சு. கடையில அளந்தது 12.78, பிளஸ் பழசு மாதிரியே. பழசைக் கடையிலயே குடுத்துக் கழிச்சாச்சு. செல்ஃப் அடிக்கும்போது 10.9. சார்ஜர் ஒயரை இன்னைக்கு சாயங்காலம் கருப்பு ஒயருக்கு மாத்துறேன், மாத்தினதும் லீக்கேஜ் எவ்வளவுன்னு போடுறேன்.